ரோபோடிக் முறையில் கர்ப்பப்பையை எடுத்த பிறகு: வெளித்தழும்பை வைத்து உடம்பை அளக்காதீர்கள்

கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய், ஆரம்ப நிலைதான், ரோபோடிக் முறையில் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால், கூடவே 'மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம்' என்றும் சொல்வார். பொய்யில்லை, சிலர் அன்று மாலையே கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும், ஏன் நோயாளியுமே, இது ஏதோ சின்ன வேலை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெளியே பார்த்தால் வயிற்றில் நாலைந்து இடத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவில் சின்னச் சின்ன வெட்டுகள், அவ்வளவுதான். உள்ளே கர்ப்பப்பை, அதன் வாய், பெரும்பாலும் இரண்டு சினைப்பைகளும் கருக்குழாய்களும் எடுக்கப்பட்டிருக்கும், இடுப்புக்குழியிலிருந்து சில நிணநீர் முடிச்சுகளைப் பரிசோதனைக்கு எடுத்திருப்பார்கள், யோனியின் மேல்முனையை மூடித் தைத்திருப்பார்கள். வயிற்றைத் திறந்து செய்தாலும் உள்ளே இதே வேலைதான். ரோபோ மிச்சப்படுத்திக் கொடுப்பது வெளிக்காயத்தையும் அதோடு வரும் வலியையும் ரத்த இழப்பையும்தான், உள்ளே போட்ட தையல் ஆற எடுக்கும் நாளை அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

உங்கள் டாக்டர் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் இருப்பது நான் எழுதுவதோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தாள் சொல்வதையே கேளுங்கள். உள்ளே என்ன பார்த்தார், எங்கே தைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கிளம்புவதற்கு முன்

தினமும் எடுக்கும் பொருட்களை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், குனிந்தோ எக்கியோ எடுக்கும்படி எதுவும் வேண்டாம். தொப்புளை அழுத்தாத தளர்வான உடைகள், சானிட்டரி பேட் (டாம்பான் கூடவே கூடாது), தெர்மாமீட்டர், பாராசிட்டமால், டாக்டர் எழுதித் தந்த மலமிளக்கி, ஒரு சின்னத் தலையணை, கழிப்பறையில் கால் வைத்துக்கொள்ள ஒரு குட்டை முக்காலி. முதல் இரவு கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், ஒரு வாரம் இருந்தால் இன்னும் நல்லது. தூக்கச் சொல்லி அழும் வயதில் குழந்தை இருந்தால் யார் தூக்குவது என்பதை இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள், அந்த நேரத்தில் மனசு கேட்காது.

முதல் சில நாட்கள்

கண் விழிக்கும்போது தொண்டை கரகரக்கும், மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைத்திருந்ததால். முகமும் கண்ணிமையும் கொஞ்சம் உப்பியிருக்கும், ஏனென்றால் இந்த அறுவையில் தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தித்தான் மணிக்கணக்கில் படுக்கவைத்திருப்பார்கள். இதெல்லாம் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலரைப் பதற வைப்பது தோள்பட்டை வலி. வயிற்றில் அறுவை, வலி தோளில். காரணம் சுலபம்: உள்ளே இடம் கிடைப்பதற்காக வயிற்றை கார்பன் டைஆக்சைடு வாயுவால் ஊதியிருப்பார்கள், முடிந்ததும் வெளியேற்றிவிட்டாலும் மிச்சம் கொஞ்சம் தங்கி உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை உறுத்தும், அந்தத் தசைக்குப் போகும் நரம்பின் வலி தோளில்தான் தெரியும். எழுந்து நடந்தால் குறையும், மிதமான சூட்டில் ஒத்தடமும் இதமாக இருக்கும். சில நாளில் உடம்பே அந்த வாயுவை உறிஞ்சிவிடும். ஆனால் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் அதை வாயு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்கு.

நிணநீர் முடிச்சைக் கண்டுபிடிக்கச் சிலருக்கு நீலச் சாயம் செலுத்துவார்கள், சிறுநீர் ஒரு நாள் பச்சையும் நீலமுமாகப் போகும். பயப்பட ஒன்றுமில்லை.

படுக்கையிலிருந்து எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது, முதல் நாளே நர்ஸிடம் கேட்டு ஒருதரம் செய்து பாருங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது தலையைத் தூக்கி நேராக எழுந்தால் வயிற்றுத் தசை முழுவதும் இழுபடும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்படி வேண்டாம். முழங்காலை மடக்குங்கள், தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒரு பக்கமாகப் புரளுங்கள், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள், அப்புறம் கீழே இருக்கும் முழங்கையையும் மேல்கையையும் ஊன்றி உடம்பைத் தள்ளி உட்காருங்கள். உட்கார்ந்ததும் உடனே நிற்க வேண்டாம், தலைசுற்றல் போகும்வரை ஒரு நிமிடம். படுப்பதற்கு இதையே பின்னிருந்து முன்னாகச் செய்ய வேண்டும். இருமலோ தும்மலோ சிரிப்போ வந்தால் அந்தச் சின்னத் தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், காரில் சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவிலும் அதுவே.

வலி மாத்திரையில் வீரம் காட்ட வேண்டாம். வலி ஏறிய பிறகு விழுங்கி அதை இறக்குவதைவிட, முதல் சில நாள் பாராசிட்டமாலும், டாக்டர் சம்மதித்தால் இபுப்ரோஃபெனும் மணிப்படி எடுத்துக்கொண்டால் பலருக்கு அதற்குமேல் கடுமையான மாத்திரையே தேவைப்படுவதில்லை. பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக்கூடாது, எடை குறைவானவர்களுக்கும் கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு. சளி மாத்திரைகளிலும் கூட்டு மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தத்தை இளக்கும் மருந்து, இவற்றில் ஒன்று இருந்தாலும் இபுப்ரோஃபெனைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அன்றைக்கே நடக்கச் சொல்வார்கள். இது உங்களை வதைக்க அல்ல. புற்றுநோயும் இடுப்புக்குழி அறுவையும் சேரும்போது காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை வீட்டுக்குள்ளேயே சில நிமிடம் நடந்தால் போதும், படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். சிலருக்கு ரத்தம் உறையாமல் இருக்கச் சில வாரத்துக்கு ஊசி எழுதித் தருவார்கள், வலி போய்விட்டதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். படி ஏறலாம், மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

மலச்சிக்கல் என்ற பெரிய விஷயம்

அறுவை செய்துகொண்டவர்களைத் தனியாக விட்டுப் பேசச் சொன்னால் இதைத்தான் முதலில் பேசுவார்கள். மயக்கமருந்து, வலி மாத்திரை, நடமாட்டம் குறைவு, குடலைக் கொஞ்சம் அசைத்துவிட்டது எல்லாம் சேர்ந்து குடல் தூங்கிவிடும். முதல் மலம் வர இரண்டு முதல் நாலு நாள் ஆகலாம். வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், டாக்டர் சொன்ன மலமிளக்கியை வீட்டுக்கு வந்த அன்றே ஆரம்பியுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் குடல் விழிக்கும் முன்பே அள்ளிப் போட்டால் வயிறு இன்னும் உப்பும்.

கழிப்பறையில் முக்கவே கூடாது. நீங்கள் முக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் போய் விழுவது உள்ளே தைத்த இடத்தில். முக்காலியில் காலை வைத்து முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்கார்ந்து, லேசாக முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சை விட்டபடி இருங்கள். வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அப்புறம் போகலாம். நாலு நாள் தாண்டியும் வரவில்லை என்றால் போன் செய்யுங்கள். வயிறு கல்லாக உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் வந்தால் அது வெறும் மலச்சிக்கல் இல்லை, அன்றே பார்த்தாக வேண்டும்.

சிறுநீர் முதல் ஒன்றிரண்டு நாள் தயங்கித் தயங்கி வரலாம். எரிச்சல், அடிக்கடி முட்டுவது, நாற்றம் இருந்தால் தொற்றாக இருக்கலாம், சொல்லிவிடுங்கள். சிறுநீரே வராவிட்டாலும், யோனி வழியாகத் தண்ணீர் மாதிரி விடாமல் கசிந்தாலும் தாமதிக்கக் கூடாது. பின்னது சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ ஓட்டை விழுந்ததன் அறிகுறியாக இருக்கக்கூடும், அபூர்வம்தான், ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாதது.

வெளிக்காயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் கழித்து நின்றபடி குளிக்கலாம், சோப்புத் தண்ணீர் மேலே வழிந்து ஓடட்டும், தேய்க்க வேண்டாம், ஒற்றி உலர்த்துங்கள். பசை ஒட்டியிருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே உதிரும், பிய்க்காதீர்கள். சுற்றிலும் கன்றிப்போய் நீலமும் மஞ்சளுமாக மாறும், சகஜம். தொட்டியில் ஊறிக் குளிப்பது, நீச்சல் இரண்டும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கிடையாது.

உள்தையல்: உண்மையான காலண்டர் இதுதான்

யோனியின் மேல்முனையில் போட்ட தையல் தானாகக் கரையும். அதுவரை லேசான ரத்தக்கசிவு, பழுப்பும் இளஞ்சிவப்புமாக, விட்டு விட்டு வரும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில், எல்லாம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போது, திடீரென்று கொஞ்சம் கூடுதலாக ஒருநாள் படும், சிலருக்கு பேடில் சின்ன நூல்துண்டு ஒன்று கிடக்கும். அது கரைந்து உதிர்ந்த தையல் நூல். நோய் திரும்பிவிட்டதோ என்று அந்த நிமிடம் மனசு எங்கெங்கோ போகும், எனக்கும் போனது. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்துவிட்டால் அல்லது பெரிய கட்டிகளாக வந்தால் மட்டும் அவசரம்.

இந்தத் தையல் பிரிந்துகொள்வது அரிது, ஆனால் இந்த அறுவையின் மிக மோசமான சிக்கல்களில் ஒன்று. அதனால்தான் இவ்வளவு கட்டுப்பாடு. ஆறு வாரத்துக்கு 4-5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கவோ தள்ளவோ இழுக்கவோ வேண்டாம். தண்ணீர்க் குடம், துணிக்கூடை, சூட்கேஸ், வளர்ப்பு நாய் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். உடலுறவு, டாம்பான், யோனிக்குள் வைக்கும் எதுவும் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் கிடையாது, பல டாக்டர்கள் பன்னிரண்டு வாரம் என்கிறார்கள். இதில் நாள் எண்ணிப் பயனில்லை, அவர் உள்ளே பார்த்து ஆறிவிட்டது என்று சொன்ன பிறகுதான். கணவருக்கும் இதை டாக்டரே நேரில் சொல்லிவிட்டால் வீட்டில் ஒரு சங்கடம் குறையும், தயங்காமல் அவரையும் கூட்டிப்போங்கள்.

திடீரென்று யோனியிலிருந்து தண்ணீரோ ரத்தமோ கொட்டினால், ஏதோ கீழே இறங்கி வருகிற மாதிரி இருந்தால், படுத்துவிடுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எதையும் உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், சுத்தமான ஈரத்துணியால் மூடி வையுங்கள், எதையும் சாப்பிடவும் குடிக்கவும் வேண்டாம்.

போன் செய்ய வேண்டிய மற்றவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் காய்ச்சல். நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல். நாளுக்கு நாள் குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி. வெட்டு வாயில் சீழ், பரவும் சிவப்பு, அல்லது அந்த இடத்தில் புதிதாக ஒரு புடைப்பு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருப்பது. திடீர் மூச்சுத்திணறல் என்றால் போன்கூட வேண்டாம், நேரே எமர்ஜென்சி. ராத்திரி நேரம், தொந்தரவு செய்ய வேண்டாமே என்று விடியக் காத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். அந்த மரியாதை இங்கே உதவாது.

இரண்டாவது வாரத்துப் பொறி

பத்து நாள் வாக்கில் ஒரு காலையில் எழுந்தால் வலியே இருக்காது, பசிக்கும், தெம்பாக இருக்கும். அன்றைக்குத்தான் பலர் வீட்டைக் கூட்டி, துணி துவைத்து, அலமாரியை ஒழுங்குபடுத்தி, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுகிறார்கள். வெளித்தழும்பு ஆறிவிட்டது, அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். உள்ளே பாதிகூட ஆகவில்லை. தெம்பான நாளில் நினைத்ததில் பாதி வேலை செய்தால் மறுநாளும் தெம்பாக இருக்கும். சாயங்காலமானால் வயிறு உப்பி இடுப்புப் பட்டி இறுக்குகிறது என்றால், அன்றைக்கு அதிகம் செய்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், என் அனுபவத்தில் அதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது.

களைப்பு நாலு முதல் ஆறு வாரம் இருக்கும், சிலருக்கு இன்னும் நீளும். மத்தியானம் படுத்துத் தூங்குவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள், நின்றும் தூக்கியும் செய்யும் வேலை என்றால் ஆறு வாரத்துக்கு முன் வேண்டாம். முடிந்தால் முதல் வாரம் அரை நாளாகக் கேட்டு வாங்குங்கள். தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரையை நிறுத்தி, வலியில்லாமல் சட்டென்று பிரேக் மிதிக்க முடிந்த பிறகுதான் வண்டி ஓட்டலாம். நின்றிருக்கும் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள், வயிறு சுளீர் என்றால் இன்னும் நாளாகவில்லை.

சினைப்பை போனதால் வருவது

மெனோபாஸ் ஏற்கெனவே முடிந்தவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. முடியாதவர்களுக்கு, வருடக்கணக்கில் மெல்ல வரவேண்டியது ஒரே நாளில் வந்து நிற்கும். சில நாளிலேயே முகத்தில் திடீர்ச் சூடு, இரவு வியர்வை, தூக்கம் கெடுவது, காரணமில்லாத கோபம் எல்லாம் ஆரம்பித்துவிடும். பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வெண்லாஃபாக்சின், கபாபென்டின் போன்று ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. ஆரம்ப நிலை, குறைந்த கிரேடு (செல்கள் அவ்வளவு மூர்க்கமில்லாத வகை) என்றால் சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதைப் பற்றியும் பேசலாம், ஆனால் அது புற்றுநோய் டாக்டரின் முடிவு. கடையில் 'இயற்கை ஹார்மோன்' என்று விற்பதை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், இந்தப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஊட்டத்தில் வளர்ந்தவை. இளம் வயதில் சினைப்பை போனவர்கள் எலும்பு அடர்த்தியையும் இதயத்தையும் கவனிக்கச் சொல்லிக் கேளுங்கள். யோனி வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்புகள் உண்டு, தையல் ஆறிய பிறகு.

ரிப்போர்ட் வரும்வரை, வந்த பிறகு

உடம்பு தேறிக்கொண்டிருக்கும்போதே மனசு அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். ஒன்று இரண்டு வாரம் ஆகும். அறுவைக்கு முன் சொன்ன 'ஆரம்ப நிலை' ஓர் ஊகம்தான், எடுத்ததை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் நிலை உறுதியாகும். போகும்போது கூட ஒருவரைக் கூட்டிப்போங்கள், ரிப்போர்ட்டின் ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், இவற்றைக் கேளுங்கள்: கிரேடு 1, 2, 3ல் எது? புற்றுநோய் கர்ப்பப்பைத் தசைச் சுவரில் பாதிக்குக் குறைவாகப் போயிருக்கிறதா, பாதிக்கு மேலா? ரத்தக்குழாய், நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றுநோய்ச் செல்கள் தெரிகின்றனவா? நிணநீர் முடிச்சுகள் சுத்தமா? எம்எம்ஆர் (டிஎன்ஏவில் வரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள்), பி53 (புற்றுநோயைத் தடுக்கும் ஒரு புரதம்) சோதனை செய்தார்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எம்எம்ஆர் புரதம் குறைவாக இருந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும், அது இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம், உங்கள் அக்கா தங்கை, அண்ணன் தம்பி, பிள்ளைகளுக்கும் அது முக்கியம். இன்னொன்று, நிலை பிரிக்கும் ஃபிகோ (சர்வதேச மகப்பேறு, பெண்நோய் மருத்துவர்கள் கூட்டமைப்பு) விதிகளை 2023ல் மாற்றியிருக்கிறார்கள். 2009 விதிப்படி முதல் நிலை என்று வருவது புதிய விதிப்படி இரண்டாம் நிலை என்று வரலாம். இரண்டு டாக்டர் இரண்டு எண் சொன்னால் பதறாமல், எந்த வருட விதிப்படி என்று கேளுங்கள்.

'இவ்வளவு சின்ன ஓட்டை வழியாக எல்லாவற்றையும் எடுத்திருப்பார்களா' என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். இணையத்தில் தேடினால், துளை அறுவை செய்தவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது என்று 2018ல் வந்த ஓர் ஆய்வு கண்ணில் படும். அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றியது, உங்களுடையது அதுவல்ல. உட்சுவர்ப் புற்றுநோயில் லேப்ராஸ்கோப்பியையும் (இதே போன்ற துளை அறுவை, ரோபோ இல்லாமல்) வயிற்றைத் திறந்து செய்வதையும் ஒப்பிட்ட லேஸ் ஆய்வு 2017ல் வெளியானது, நோய் திரும்பாமல் இருப்பதில் இரண்டும் சமம் என்றுதான் அது காட்டியது.

குறைந்த ஆபத்து என்றால் மேற்கொண்டு சிகிச்சை எதுவும் இருக்காது, கண்காணிப்பு மட்டும்தான். கொஞ்சம் கூடுதல் ஆபத்து என்றால் யோனிக்குள் சிறிய குழாய் வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு சொல்வார்கள். வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷன் அளவுக்கு அதுவும் யோனியில் நோய் திரும்புவதைத் தடுக்கிறது, குடல் தொந்தரவோ குறைவு என்று 2010ல் வெளியான போர்டெக்-2 ஆய்வு சொன்னது. தையல் ஆறிய பிறகுதான் அதை ஆரம்பிப்பார்கள், ஆகவே உள்தையலைக் காப்பாற்றுவது அடுத்த சிகிச்சைக்கும் சேர்த்துத்தான்.

நிணநீர் முடிச்சு எடுத்தவர்கள், ஒரு கால் கனப்பது, செருப்பு இறுகுவது, சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிவது இவற்றைக் கவனித்துக்கொண்டிருங்கள், நிணநீர் தேங்கிக் கால் வீங்குவதன் அறிகுறி இது, மாதங்கள் கழித்துக்கூட வரலாம். ஓரிரு முடிச்சு மட்டும் எடுத்திருந்தால் வாய்ப்பு குறைவு. சீக்கிரம் காட்டினால் கட்டுப்படுத்துவது எளிது.

அழுகை வரும். புற்றுநோய் போய்விட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படும் வீட்டில் நீங்கள் மட்டும் அழுதுகொண்டிருப்பீர்கள், கர்ப்பப்பை இனித் தேவையே இல்லாத வயதாக இருந்தாலும். ஹார்மோனும் பயமும் களைப்பும் எல்லாம் அதில் உண்டு. சில வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல் இருந்தால் அதற்கும் மருத்துவம் இருக்கிறது, செக்கப்பில் தையலைக் காட்டுவது போல இதையும் சொல்லுங்கள்.

செக்கப் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருடம் வரை இடைவெளி கூடும். திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள்தான். பேப் ஸ்மியர் இதற்கு வழக்கமாகத் தேவையில்லை, உள்பரிசோதனையும் நீங்கள் சொல்லும் அறிகுறிகளும்தான் முக்கியம். சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் எடை மூன்றையும் அதே நாட்களில் பார்த்துவிடுங்கள், ஆரம்ப நிலையில் குணமானவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோயைவிட இதய நோய்தான் பெரிய எதிரி. மற்றபடி தையல் எல்லாம் ஆறி மாதங்கள் ஆன பிறகு யோனியில் ஒரு துளி ரத்தம் பட்டாலும், இடுப்பில் விடாத வலி, நிற்காத இருமல், காரணமில்லாமல் எடை குறைவது என்று எது வந்தாலும், அடுத்த செக்கப் தேதி பக்கத்தில்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே போன் செய்யுங்கள்.